குதிரைக்கு ஊசி போட்டால் கரு கூடுமா?

பி.எம்.எஸ்.ஜி. என்றொரு ஹார்மோன் மருந்து உண்டு. பன்றிகளைப் பருவத்துக்குக் கொண்டுவரவும், மாடு ஆடுகளில் ஒரே சமயத்தில் பல முட்டைகளை முதிர வைக்கவும் பல பத்தாண்டுகளாக அதைப் போட்டுவருகிறார்கள். ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிக்கும் அதே மருந்துதான். அது கிடைப்பது சினைக்குதிரையின் இரத்தத்திலிருந்து. சினையாகி நாற்பது நாள் நெருங்கும்போது பெட்டைக்குதிரையின் கருப்பைச் சுவரில் கிண்ணம் கிண்ணமாகச் சில திசுமேடுகள் எழும்புகின்றன. கருவின் செல்கள் தாயின் சுவருக்குள் புகுந்து கட்டிக்கொள்ளும் கிண்ணங்கள் அவை. இந்த ஹார்மோனைச் சுரப்பவையும் அவைதான். கலிஃபோர்னியாவில் கோல், ஹார்ட் என்ற இருவர் சினைக்குதிரையின் சீரத்தை இளம் எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். எலிகள் முன்கூட்டியே பருவமடைந்தன. 1930ல் அவர்கள் எழுதிய அந்த ஆய்விலிருந்துதான் இப்படியொரு பொருள் இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது.

அதே ஹார்மோனை ஒரு பெட்டைக்குதிரைக்கே ஊசியாகப் போட்டால் கூடுதலாக ஒரு முட்டைகூட முதிராது. மற்ற விலங்குகளின் உடலில் அது இரண்டு வேலை செய்கிறது. முட்டைப் பைகளை வளர்க்கும் எஃப்.எஸ்.ஹெச். போலவும் நடக்கும், முதிர்ந்த முட்டையை வெளியேற்றும் எல்.ஹெச். போலவும் நடக்கும். குதிரையின் உடலில் எல்.ஹெச். வேலை மட்டும்தான். முட்டை வளர்ப்பு நடப்பதே இல்லை. ஊருக்கெல்லாம் முட்டை பெருக்கிக் கொடுக்கும் இந்தப் பிராணிக்குத் தன் முட்டையைப் பெருக்கிக்கொள்ள வழியில்லை.

ஒரு குதிரையின் கருவை எடுத்து வேறொரு குதிரையின் கருப்பையில் வைப்பதுதான் கருமாற்றம். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் எப்போதும் இங்கிருந்துதான் தொடங்குவேன். மாட்டுக்குச் செய்வதுதானே, குதிரைக்கும் செய்துவிடலாம் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. மாட்டில் நான்கைந்து நாள் எஃப்.எஸ்.ஹெச். ஊசி போட்டு, சினை ஊசியும் போட்டு, ஏழாம் நாள் கருப்பைக்குள் நீர் விட்டுக் கழுவி எடுத்தால் ஒரே தடவையில் ஐந்தாறு நல்ல கருக்கள் கிடைப்பது சாதாரணம். குதிரையில் ஒரு கரு கிடைத்தாலே அன்றைக்கு நல்ல நாள். நல்ல ஆரோக்கியமான இளம் குதிரையில்கூட இரண்டு தடவை கழுவினால் ஒரு தடவை கிடைக்கும், கொஞ்சம் கூடலாம். வயதான குதிரையில் அதுவும் இல்லை.

சரி, ஒரு கருவுக்காக ஏன் இவ்வளவு பாடு? குதிரையின் சினைக்காலம் பதினொரு மாதம். குட்டி போட்டபின் பால் கொடுக்கும் மாதங்களையும் சேர்த்தால், போலோவிலோ தடைதாண்டலிலோ உச்சத்தில் இருக்கும் ஒரு பெட்டைக்குதிரை ஒரு குட்டிக்காக இரண்டு பருவம் களத்தை விட்டு விலக வேண்டும். கருமாற்றத்தில் அந்தக் குதிரை தொடர்ந்து ஆடிக்கொண்டிருக்கும். அதன் கருவை ஏழு எட்டு நாளில் கழுவி எடுத்து வேறொரு பெட்டைக்குதிரையின் கருப்பையில் வைத்துவிடுவார்கள். சுமப்பதும் பெறுவதும் பாலூட்டுவதும் அந்த வாடகைத்தாயின் பாடு. கருப்பை பழுதாகி இனிச் சுமக்கவே முடியாத முதிய குதிரையின் வம்சத்தையும் இப்படிக் காப்பாற்ற முடியும்.

இந்த வேலை தொடங்கியது 1970களின் தொடக்கத்தில். ஜப்பானில் ஒகுரி, சுட்சுமி ஆகியோரும், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் டபிள்யூ. ஆர். ஆலன் குழுவினரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் முயன்றார்கள். கேம்பிரிட்ஜ் குழு செய்த ஒரு காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. குதிரைக் கருவை உடலுக்கு வெளியே அதிக நேரம் உயிரோடு வைக்க அன்று வழி தெரியாது. அதனால் கருக்களை உயிருள்ள முயலின் கருக்குழாய்க்குள் வைத்து, அந்த முயலோடு கேம்பிரிட்ஜிலிருந்து போலந்தின் கிராக்கோவ் நகருக்குப் பயணப்பட்டார்கள். அங்கே முயலிலிருந்து எடுத்துக் குதிரைகளுக்கு மாற்றினார்கள். 1976ல் அது ஆய்வுக்கட்டுரையாக வெளிவந்தது. இன்று ஐந்து டிகிரி குளிரில் வைக்கும் பெட்டி ஒன்று போதும், ஒரு நாள் தொலைவுக்குக் கருவை அனுப்பிவிடலாம்.

இந்தத் தொழில் பெரிய அளவில் வேரூன்றியது அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும்தான். அர்ஜென்டினாவில் அதற்குக் காரணம் போலோ. போலோவில் பெட்டைக்குதிரைகளுக்குத்தான் மவுசு. நன்றாக ஆடும் குதிரையை ஆட்டத்திலிருந்து எடுக்க யாருக்கும் மனம் வராது. 2016 டிசம்பரில் புவனோஸ் ஐரிஸில் நடந்த அர்ஜென்டினா ஓப்பன் இறுதியாட்டத்தில், போலோ வீரர் அடால்ஃபோ காம்பியாசோ, குவார்தெதேரா என்ற ஒரே குதிரையின் ஆறு நகல்களின் (குளோன்களின்) மேல் மாறி மாறி ஏறி ஆடினார். நகல் குதிரையானாலும் சுமந்து பெற ஒரு வாடகைத்தாய் வேண்டும், அதற்குக் கருமாற்றம் வேண்டும்.

ஆனால் பந்தயக் குதிரைகளான தரோபிரெட் இனத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. நம் நாட்டில் ஓடுகிற குதிரை உட்பட, உலகில் எங்கு பதிவாகும் தரோபிரெட் குட்டியும் பொலிக்குதிரை நேரடியாகச் சேர்ந்து பிறந்ததாக இருக்க வேண்டும். சினை ஊசிக்கே அங்கே அனுமதி கிடையாது. நம் நாட்டில் இந்தத் தொழில்நுட்பம் உண்மையில் தேவைப்படுவது மார்வாரி போன்ற அருகிவரும் நாட்டு இனங்களுக்கு. பிக்கானேரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மைய வளாகத்தில் 2023 மே 19ஆம் தேதி வாடகைத்தாய் வழியாக ஒரு மார்வாரிக் குட்டி பிறந்தது. ராஜ்-பிரதம் என்று பெயர் வைத்தார்கள்.

மருந்துக்கு வருவோம். குதிரைக்குச் சரியான எஃப்.எஸ்.ஹெச். குதிரையிடமிருந்தே வரவேண்டும் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. இறைச்சிக்கூடங்களில் குதிரைகளின் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பிகளைச் சேகரித்து, சாறெடுத்து, ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். அப்புறம் சுத்திகரித்த வடிவமும் 2000களில் சந்தைக்கு வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை எனச் சில நாட்கள் போட வேண்டும். பலன் இருந்தது. அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த சோதனைகளில் ஒரு முட்டைக்குப் பதில் சராசரியாக மூன்று நான்கு முட்டைகள் வெளியேறின. கருக்களோ இரண்டு அளவில் நின்றுவிட்டன. முட்டை கூடக்கூட, ஒரு முட்டைக்கு எத்தனை கரு என்ற விகிதம் இறங்கியது. அந்த மருந்தும் சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து மறைந்துவிட்டது. ஆய்வகத்தில் மரபணு முறையில் தயாரித்த எஃப்.எஸ்.ஹெச்.சையும் சோதித்தார்கள், முட்டைகள் கூடின, ஆனால் இன்றுவரை அது அன்றாட வழக்கமாகவில்லை.

ஏன் இப்படி? பதில் குதிரையின் சினைப்பை அமைப்பில் இருக்கிறது. மாட்டின் சினைப்பை ஒரு பலாப்பழம் மாதிரி. மேற்புறத்தில் எங்கு வேண்டுமானாலும் முட்டைப் பை புடைத்து வெடிக்கலாம். குதிரையின் சினைப்பை உள்ளும் புறமும் திருப்பிப் போட்டதுபோல. முட்டைகள் இருக்கும் பகுதி உள்ளே, இரத்தநாளங்கள் நிறைந்த பகுதி வெளியே. சுற்றிலும் கெட்டியான உறை. முட்டை வெளியேற ஒரே ஒரு பள்ளம்தான் வழி. உருவத்தில் சினைப்பையே அவரைவிதை மாதிரி இருக்கும். விதையின் உட்குழிவு இருக்கும் இடத்தில் அந்தப் பள்ளம். நான்கைந்து பைகள் ஒன்றாக வளர்ந்து அந்த ஒற்றை வாசலுக்கு நெருக்கியடித்து வரும்போது, சில முட்டைகள் கருக்குழாய்க்குள் போய்ச்சேராமலே போகின்றன. வெடித்த பைகளிலிருந்து வரும் இரத்தக்கட்டிகளும் வழியை மறிக்கலாம் என்று கருதப்படுகிறது.

ஆகக் குதிரையில் மருந்து முட்டையின் எண்ணிக்கையைக் கூட்டித் தருவதை நம்பித் தொழில் நடத்த முடியாது. மருந்து உண்மையில் கைகொடுப்பது நேரக்கணக்கில். எந்த மணியில் முட்டை வெளியேறும், எந்த நாளில் கரு கருப்பைக்குள் இறங்கும், எந்த நாளில் வாடகைத்தாயின் கருப்பை அதை ஏற்கத் தயாராக இருக்கும் என்ற மூன்று கடிகாரங்களை ஒன்றாக ஓட வைப்பதுதான் இந்த வேலையின் சாரம்.

முதல் கடிகாரத்துக்கு இரண்டு ஊசிகள் புழக்கத்தில் இருக்கின்றன. பெட்டைக்குதிரை ஐந்து முதல் ஏழு நாள் வரை பருவத்தில் இருக்கும், முட்டை வெளியேறுவது அதன் கடைசி ஓரிரு நாளில். தினமும் ஸ்கேன் பார்த்து, முட்டைப் பை 35 மில்லிமீட்டர் தாண்டியதும், கருப்பைச் சுவர் வீங்கி ஸ்கேனில் ஆரஞ்சுச் சுளையை வெட்டியதுபோலத் தெரியும்போது, ஹெச்.சி.ஜி. போடுகிறார்கள். போட்டு ஒன்றரை நாள் வாக்கில் முட்டை வெளியேறும். இந்த ஹெச்.சி.ஜி. கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படுவது. குதிரையின் ஹார்மோன் பன்றிக்கும் மாட்டுக்கும் போகிறது, மனிதப் பெண்ணின் ஹார்மோன் குதிரைக்கு வருகிறது. ஒரே பருவத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் குதிரையின் உடல் அதற்கு எதிர்ப்புப் புரதம் உண்டாக்கிவிடும், மருந்து மந்தமாகும். கரு எடுப்பதற்காக மாதாமாதம் கழுவப்படும் கொடைத்தாய்க்கு இது முக்கியம்.

இரண்டாவது ஊசி டெஸ்லோரெலின். இது மூளைக்குப் போய் குதிரையின் சொந்த எல்.ஹெச்.சை வெளியேற்றுகிறது, அதனால் எதிர்ப்புப் புரதத் தொல்லை இல்லை. முதலில் இது தோலுக்கடியில் வைக்கும் குச்சியாக வந்தது. முட்டை சொன்ன நேரத்துக்கு வெளியேறியது. ஆனால் சினை பிடிக்காத குதிரைகள் மறுபடி பருவத்துக்கு வர வழக்கத்தைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டன. கருவைக் கழுவி எடுத்துவிட்டு அடுத்த சுற்றுக்காக, மறுபடி பருவத்துக்குக் கொண்டுவரும் பிராஸ்டாகிளாண்டின் ஊசியைப் போட்ட கொடைத்தாய்களில்தான் இந்தத் தாமதம் மோசமாக இருந்தது. குச்சி உள்ளேயே இருந்து மருந்தைக் கசியவிட்டுக்கொண்டிருந்ததால் மூளையின் எஃப்.எஸ்.ஹெச். சுரப்பே அமுங்கிப்போனது என்று பிறகு புரிந்தது. முட்டை வெளியேறியதும் குச்சியைக் கையோடு எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இப்போது பெரும்பாலும் ஊசி வடிவம்தான். தனித்தனியாக நல்ல பெயர் வாங்கிய இரண்டு மருந்துகள் சேர்ந்தபோது ஒரு முழுச் சுற்றையே விழுங்கிவிட்டன. கருவெடுப்பில் இருப்பவர்கள் மறக்கக்கூடாத பாடம் இது.

வலி மருந்திலும் இதேபோல ஒரு சிக்கல். முட்டைப் பை வெடிப்பதற்கே உடல் தானாகச் சுரக்கும் பிராஸ்டாகிளாண்டின் தேவை. ஃப்ளூனிக்ஸின் போன்ற வலி மருந்துகள் அந்தப் பிராஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத்தான் தடுக்கின்றன. காலில் அடிபட்ட விளையாட்டுக் குதிரைக்கு, முட்டை வெளியேறவேண்டிய அந்த ஒன்றரை நாளில் இதை அதிக அளவில் கொடுத்தால், பை வெடிக்காமல் உள்ளுக்குள்ளேயே இரத்தம் நிரம்பிக் கட்டியாகிவிடலாம். முட்டை உள்ளே சிறைப்பட்டுவிடும். லாயக்காரர் நல்லெண்ணத்தில் கொடுத்த மருந்து அந்த மாதக் கருவைக் காலி செய்துவிடும்.

அடுத்தது கருக்குழாய். குதிரையைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிட அழகான செய்தி எனக்குத் தெரியாது. கருவுறாத முட்டை குதிரையின் கருக்குழாயிலேயே தங்கிவிடும். மாதக்கணக்கில்கூட அங்கே கிடந்து சிதையும். கருவுற்ற முட்டைக்கு மட்டும் கதவு திறக்கும். திறப்பதும் அந்தக் கருவேதான். ஐந்து நாள் வயதான கரு பிராஸ்டாகிளாண்டின் இ-2 என்ற பொருளைச் சுரந்து குழாயின் தசையைத் தளர்த்தி, ஐந்தரை ஆறு நாளில் கருப்பைக்குள் இறங்குகிறது. பழைய முட்டைகள் குழாயிலேயே கிடக்க, புதுக் கரு அவற்றைத் தாண்டி வருகிறது.

இதனால்தான் ஆறாம் நாளுக்கு முன் கழுவினால் வெறும் தண்ணீர்தான் வரும். இதே அறிவு மருந்தாகவும் ஆனது. வெளிப்படையாக எந்தக் கோளாறும் இல்லை, ஆனால் ஆண்டுக்கணக்கில் சினை பிடிப்பதில்லை, கழுவினால் கருவும் வருவதில்லை என்ற குதிரைகளில், குழாய் அடைபட்டிருக்கலாம் என்று ஆலன் குழுவினர் நினைத்தார்கள். வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வழியாகக் கருக்குழாயின் மேல் பிராஸ்டாகிளாண்டின் இ-2 ஜெல்லைப் பூசினார்கள். 2006ல் வெளிவந்த அந்த முதற்கட்ட ஆய்வில், அப்படிச் செய்த 15 குதிரைகளில் 14 பிறகு சினையாயின. கரு தானே செய்யும் வேலையைப் பார்த்து மனிதன் கற்றுக்கொண்ட சிகிச்சை அது.

இனி கழுவும் நாள். முட்டை வெளியேறி ஏழாம் அல்லது எட்டாம் நாள். உறையவைப்பதாக இருந்தால் ஆறரை நாளுக்குள் எடுக்கப் பார்ப்பார்கள். கரு 0.3 மில்லிமீட்டருக்கு மேல் போய்விட்டால் அதைச் சுற்றி உருவாகும் உறையும் உள்ளே நிறையும் நீரும் உறைவைக் கெடுக்கும். ஊசியால் குத்தி நீரை வெளியேற்றினால்தான் பெரிய கரு தாங்கும்.

குதிரையைக் கம்பிச்சட்டத்துக்குள் நிறுத்துகிறார்கள். வாலைத் துணியால் சுற்றி ஓரமாகக் கட்டிவிட்டுப் பின்புறத்தைப் பலமுறை கழுவித் துடைக்கிறார்கள். முனையில் பலூன் உள்ள சிலிக்கான் குழாயைக் கருப்பையின் வாய் வழியாக நுழைத்து, பலூனை ஊதி வாயை அடைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற ரிங்கர் லாக்டேட் போன்ற உப்புநீரை உடல்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி ஒரு லிட்டர் உள்ளே விடுகிறார்கள். மலக்குடல் வழியாகக் கையை விட்டுக் கருப்பையை மெல்லத் தடவிக்கொடுக்கிறார்கள், தண்ணீர் மூலைமுடுக்கெல்லாம் போகட்டும் என்று. பிறகு திறந்துவிட்டால் நீர் வடிகட்டிக் கிண்ணத்துக்குள் இறங்கும். வடிகட்டியின் துளை 75 மைக்ரான், நம் தலைமுடியின் பருமன்தான். இப்படி மூன்று நான்கு தடவை. உள்ளே விட்ட நீர் முழுதும் திரும்பி வந்ததா என்று அளந்து பார்க்க வேண்டும். வராமல் உள்ளே நின்ற நீரில் கரு இருக்கலாம். கடைசிச் சுற்றுக்குமுன் ஆக்ஸிடோசின் போட்டுக் கருப்பையைச் சுருங்க வைப்பவர்கள் உண்டு.

பிறகு கிண்ணத்தில் மிச்சமிருப்பதைப் பெட்ரி தட்டில் ஊற்றி நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறார்கள். சளித்துணுக்கு, உதிர்ந்த செல்கள், சில சமயம் மங்கிப்போன பழைய முட்டை. நடுவே, கிடைத்தால், முழு வட்டமாகப் பளபளவென்று ஒன்று. எட்டாம் நாள் கருவை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். ரவைத் துணுக்கு அளவு. அதைக் காணும்வரை அந்த அறையில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள்.

காணாமலே போகும் நாட்களுக்குப் பெரும்பாலும் காரணம் முன்பே நடந்துவிட்டிருக்கும். விந்து உள்ளே போனதும் எல்லாப் பெட்டைக்குதிரையின் கருப்பையும் சற்று அழலும், நீர் கோக்கும். ஆரோக்கியமான கருப்பை ஒன்றரை நாளில் அதை வெளியேற்றிவிடும். வயதான கருப்பை தொய்ந்து தொங்குவதால் நீர் தங்கிவிடுகிறது. கரு ஆறாம் நாள் இறங்கும்போது அந்த அழற்சிக்குள்தான் இறங்க வேண்டும். இங்கே ஆக்ஸிடோசின் மிகப் பெரிய உதவி. சினை ஊசி போட்டு நான்கு மணி நேரம் கழித்து, பிறகு சில மணிக்கு ஒருமுறை, சிறு அளவில். விலை குறைந்த, சில நிமிடங்களில் உடலில் கரைந்துபோகும் எளிய மருந்து. வயதான கொடைத்தாயிடம் விலையுயர்ந்த ஹார்மோனைவிட, கருப்பையைக் கழுவிவிட்டு இதைச் சரியான நேரத்தில் போடுவது அதிகக் கரு தரும் என்றே நான் நம்புகிறேன்.

வாடகைத்தாயின் முட்டை, கொடைத்தாயினது வெளியேறுவதற்கு ஒரு நாள் முன்பிலிருந்து மூன்று நாள் பின்புவரை வெளியேறியிருக்க வேண்டும். அதற்காக ஒரு கொடைத்தாய்க்கு இரண்டு மூன்று வாடகைத்தாய்களைத் தயார் செய்து வைக்கிறார்கள். பருவமே வராத குதிரையைக்கூட, சில நாள் பருவ ஹார்மோனான எஸ்ட்ரடையோல் கொடுத்துப் பின் சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்ட்ரோன் கொடுத்துத் தயார் செய்ய முடியும். அதன் சினைப்பை உறங்கிக்கொண்டிருந்தாலும் கரு தங்கும். ஆனால் நஞ்சுக்கொடி புரோஜெஸ்ட்ரோன் சுரக்கத் தொடங்கும்வரை, அதாவது ஏறத்தாழ நூறு நூற்றிருபது நாள்வரை, மருந்தை நிறுத்தக்கூடாது. இதற்கு வாய்வழியாகக் கொடுக்கும் ஆல்ட்ரெனோஜெஸ்ட் பரவலாக வழக்கத்தில் உள்ளது. எண்ணெய்க் கரைசல். தோல்வழியே மனித உடலுக்குள்ளும் போகும். லாயத்தில் வேலை செய்யும் பெண்கள் கையுறை இல்லாமல் இதைத் தொட்டால் மாதவிடாய் குழம்பலாம். கர்ப்பிணிகள் இதன் பக்கமே போகக்கூடாது. குதிரையின் மருந்துச்சீட்டில் எழுதுகிறவர்கள் அந்தக் கையுறையையும் சேர்த்து எழுத வேண்டும்.

கரு மாற்றியபின் அந்த வாடகைத்தாயைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். பதினொரு மாதம் சுமப்பது அது, குட்டிக்கு நடக்கக் கற்றுக்கொடுப்பது அது. பி.எம்.எஸ்.ஜி.க்காக அர்ஜென்டினா, உருகுவே, ஐஸ்லாந்து நாடுகளில் சினைக்குதிரைகளிடம் வாராவாரம் இரத்தம் எடுக்கும் பண்ணைகள் பற்றிய புகார்கள் கடந்த பத்தாண்டில் வெளிவந்தபோதும், அங்கே நின்றவை பெயரில்லாத பெட்டைக்குதிரைகள்தான்.

கழுவி முடித்ததும் கொடைத்தாய்க்கு ஒரு கடைசி ஊசி இருக்கிறது. பிராஸ்டாகிளாண்டின் எஃப்-2 ஆல்ஃபா. முட்டை வெளியேறிய இடத்தில் சினைப்பையில் உருவாகியிருக்கும் மஞ்சள் திரளைக் கரைத்து, சில நாளில் குதிரையை மறுபடி பருவத்துக்குக் கொண்டுவரும். முட்டை வெளியேறி ஐந்து நாள் ஆவதற்குள் ஒரே ஊசியாகப் போட்டால் பலிக்காது. ஏழாம் எட்டாம் நாளில் பலிக்கும். போட்ட சில நிமிடங்களில் குதிரை வியர்க்கும், வயிறு முறுக்கி நிலைகொள்ளாமல் காலை உதைக்கும், ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அந்த நேரம் யாராவது பக்கத்தில் நிற்பது நல்லது. இதையும் கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் கையால் தொடக்கூடாது.

கரு கிடைத்தாலும் இந்த ஊசியைத் தவிர்க்கமாட்டார்கள். கிடைக்காவிட்டாலும் தவிர்க்கமாட்டார்கள். குதிரையின் கரு பதினாறாம் நாள்வரை எங்கும் ஒட்டாமல் கருப்பை முழுதும் சுற்றித் திரியும். இரண்டு முட்டை வெளியேறியிருந்து, நான்கு லிட்டர் நீருக்கும் பிடிபடாமல் ஒரு கரு ஏதோ ஒரு மடிப்பில் ஒதுங்கியிருக்கலாம். ஊசி போடாமல் விட்டால், பதினான்காம் நாள் ஸ்கேனில் வாடகைத்தாயின் கருப்பையில் ஒரு கரும்புள்ளி தெரியும். களத்துக்குத் திரும்பிவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும் கொடைத்தாயின் கருப்பையிலும் ஒன்று தெரியும்.